சுடுவது மட்டும் என் வேலை

ஒக். 9, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. வாளி ஒன்று, சட்டி ஒன்று. கரண்ட் இல்லை.

அண்ணன் ஓட்டோவை ரோட்டில் விட்டுவிட்டு நனைந்துகொண்டு சாப்பிட வந்தான். பருப்பைப் பிசைந்தபடியே சொன்னான்: "கொழும்புலருந்து எடுத்தாங்க, ஒன் வேல விசயமா. அவ வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

அழைப்பு வந்தது செவ்வாயன்று. இன்று வியாழன்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் கிடையாது. தெரணியகலை ஓட்டோ ஸ்டாண்டில் நிற்கும் அவன் போனுக்கு எப்போதும் உண்டு. விண்ணப்பம் எதுவானாலும் லயத்தில் பாதிப் பேர் எழுதுவது அவன் நம்பர். இந்த வேலைக்கு நானும் எழுதினேன். படித்த முட்டாள்.

அம்மா: "அவன் ஒன் நல்லதுக்குத்தான சொன்னான்." அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு.

ஒக். 10, வெள்ளி

மழை விட்டது. காலெல்லாம் அட்டைகள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் சிக்னல் இரண்டு கோடு. கொழும்புக்குப் பேசத்தான் ஏறினேன். பேசவில்லை. கோபம் வந்தால் என் சிங்களம் உடைந்துவிடுகிறது.

வேறு எதையோ தேடினேன். சின்ன வயதில் அண்ணனோடு ஆடிய அந்த விண்வெளி விளையாட்டு. கிடைத்தது. இப்போது முழுவதும் இலவசம், புரோகிராம் எழுதியவரே அப்படி விட்டுவிட்டாராம். லெப்டொப்பில் இறக்கினேன்.

அப்போது தோட்டத்துத் தொரை ஒபிசில் கழித்துப்போட்ட கணினியை அப்பா தூக்கிவந்தார். அதில் இருந்த ஒரே விளையாட்டு. விண்கற்கள், பச்சைக் கப்பல்கள். ஒரே கீபோர்ட், இரண்டு பேர். அம்புக்குறிகள் அண்ணனுக்கு, ஸ்பேஸ் பார் எனக்கு. எங்கே போவது என்பது அவன் முடிவு. சுடுவது மட்டும் என் வேலை. எதில் மோதினாலும், "நீ சுடல."

முதல் பாகம் முடிந்ததும் திரை நிறைய ஆங்கிலம். "ஜெயிச்சிட்டோம்" என்று எழுந்துவிடுவான். நான் அகராதி வைத்துப் படித்தேன்: இதுவரை இலவசம், பணம் அனுப்பினால் மிச்சப் பாகங்கள். அவனிடம் சொன்னேன்.

"முடிஞ்சிருச்சி, போடி."

அவனுக்கு முடிந்தால் எனக்கும் முடிந்தது. அன்றும்.

ஒக். 11, சனி

தனியாக விளையாடினேன். முதல் கல்லிலேயே சாவு. மறுபடி. மறுபடி. குறி தப்பவில்லை, கப்பலை நகர்த்தத்தான் தெரியவில்லை. இடக்கை வலக்கை தெரியாத பிள்ளை மாதிரி. சிரிப்பு வரவில்லை.

சாயந்திரம் அண்ணனிடம் ஏன் என்று கேட்டேன். கொழும்பில் தனியாக ஒரு பெண், யார் பார்ப்பது, ஊர் என்ன சொல்லும். எல்லாம் எதிர்பார்த்ததுதான். பிறகு:

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா, அண்ணே?"

"கேட்டா போறேன்னுதான சொல்லுவ."

தெரிந்தேதான் செய்திருக்கிறான். இதை மறக்கக் கூடாது.

ஒக். 12, ஞாயிறு

தலைவலி. துணி காயவில்லை. முதல் பாகத்தைத் தாண்டிவிட்டேன். பழைய அறிவிப்பு வரவில்லை. சிவப்பு வானம், பார்த்தே இராத கப்பல்கள்.

ஒக். 13, திங்கள்

காலை, தொட்டி மேடு. சிங்களத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். மறுமுனையில் ஒரு பெண். நான் வரவில்லை என்று குறித்திருப்பதாகச் சொன்னாள். அதைச் சொன்னது நான் இல்லை என்றேன். நாளை பத்தரைக்கு நேர்முகம், பிந்தினால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாள். இனி என் நம்பருக்கே எடுக்கச் சொன்னேன். சிக்னல் இருக்கும் இடத்தில் நானே இருந்துகொள்வேன்.

பை கட்டியாயிற்று. சான்றிதழ்கள், குடை, ஒரு ஜோடி நல்ல செருப்பு.

சாயந்திரம் விளையாடிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். விஷயம் தெரிந்திருந்தது. திரையைப் பார்த்தான். கை நேராக அம்புக்குறிகளுக்கு.

"கைய எடுங்க."

"அப்ப நான் என்னத்தப் பண்றது?"

ஸ்பேஸ் பாரைக் காட்டினேன்.

சுட்டான், கண்டபடி. நான் இடப்பக்கம் திருப்பினேன். பெரிய கல். கப்பல் சிதறியது.

"என்னால இல்ல," என்றான்.

"தெரியும். மோதினது நான்."

மறுபடி ஆரம்பித்தேன்.