தோகை வெட்டாத கரும்பு

மாமா,

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் இருக்கிறேன். போகிக் காலை. பனியும் புகையும் கலந்து வெளியே ஊரையே காணவில்லை. கன்னத்தில் ஒரு கரும்புத் தோகை உரசிக்கொண்டே வருகிறது. அந்தப் பச்சை வாசனையில் கண் செருகினால், பக்கத்தில் நீங்கள்.

வருடா வருடம் அம்மாவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவீர்கள். வாசலில் முதலில் தெரிவது தோகைதான்; உங்கள் முகம் அப்புறம். "மாப்ளே, கரும்பு நடந்து வருது பாரு!" தோகையை வெட்டச் சொல்லும் கண்டக்டரிடம், "சீர்க் கரும்புய்யா. தலைய வெட்டியா தங்கச்சி வூட்டுக்குக் கொண்டு போவாங்க?" என்று சண்டை போட்ட கதையை இலையில் உட்கார்ந்துதான் சொல்வீர்கள்.

பிறகு அக்கா கல்யாணப் பத்திரிகை வந்தது, தாய்மாமன் பெயர் இல்லாமல். அப்பா அச்சகத்தைத் திட்டினார். நீங்கள் அப்பாவைத் திட்டினீர்கள், கல்யாணத்துக்கு வரவில்லை. "மாமன் வராம தாலி ஏறாமலா போச்சு?" என்று அப்பா சொன்னது சிதம்பரத்தில் உங்கள் காதுவரை எட்டியது. சீர் நின்றது.

மாமா, அச்சகத்தில் பிழை பார்த்தவன் நான். எட்டாம் வகுப்புப் புலவர்! சம்பந்தி பெயருக்கு மீசை வரைந்து சிரித்துவிட்டு, உங்கள் பெயர் விட்டுப்போனதைக் கவனிக்காமல் 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன். ஊருக்கே வாயாடி, இதற்கு மட்டும் வாயில் பூட்டு.

சீர் வராத மூன்றாவது பொங்கலுக்கு ஒரு திருட்டுவேலை செய்தேன். கடைத்தெருவில் இரண்டு கரும்பு வாங்கினேன். சைக்கிள் சக்கரத்தில் சிக்குகிறதென்று தோகையை வெட்டினேன். வாசலில் சாத்திவிட்டு, "அம்மா, மாமா வச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டாரு!" என்று கத்தினேன். அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தாள். கரும்பின் மொட்டைத் தலையையே பார்த்தாள்.

"எங்கண்ணன் தோகைய வெட்ட மாட்டாருடா."

திட்டவில்லை. பானைக்கு இரண்டு பக்கமும் அந்தக் கரும்பையே கட்டினாள். எதிர்வீட்டு அக்கா கேட்டதற்கு, "எங்கண்ணன் அனுப்புனது" என்றாள். பொங்கும்போது கண்ணைத் துடைத்து, "புகை" என்றாள்.

அன்றாவது சொல்லியிருக்கலாம். அந்த ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். அம்மா வந்து சேர்ந்தபோது உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சென்ற பொங்கலுக்கு இரண்டு வீட்டிலும் பானை ஏறவில்லை.

போன வாரம் பத்திரிகை விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா ஓங்கிய கை பாதியில் நின்றது. "அப்பவே சொல்லியிருந்தா நானே போயி கூட்டியாந்திருப்பேனேடா..." அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

நேற்று உங்கள் வீட்டுக்கு வந்து அத்தையிடமும் சொன்னேன். காலையில் கரும்பை அவளே கட்டித் தந்தாள்.

"தம்பி, தோகைய வெட்டிட்டு ஏறக் கூடாதா? எல்லார் மூஞ்சியிலயும் குத்துது."

"சீர்க் கரும்புண்ணே. தலைய வெட்டக் கூடாது."

கண்டக்டர் முனகிக்கொண்டே நகர்கிறார். ஜன்னலுக்கு வெளியே உங்கள் தோகையின் நுனி பனியைக் கூட்டிக்கொண்டே வருகிறது. அம்மா வாசலில் நிற்பாள். என் முகத்தை அவள் அப்புறம் பார்க்கட்டும்.