சிப்பிகாட் வரிசை

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. பத்துபஸ்தி வீட்டில் துணி காய்ந்து நாலு நாள். ஈரச் சுடிதாரோடு ஜங்லிகாட் ஆபீஸ்.

வேலை: மூன்று மாத வீட்டு வருகைப் பதிவை ஒரே ஷீட்டில் சேர்ப்பது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் 31 வீடு. வீடு வீடாகப் போகும் நர்ஸ் ஒருவர்தான், செல்வி அக்கா. நான் டேட்டா பார்ப்பவள். புண்ணைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும்.

புதுப் பட்டைப் படம் ஒன்று போட்டேன்: ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வீடு. ஜங்லிகாட் நெட்டையாக. சிப்பிகாட் தரையோடு. அங்கே ஒரே வீடு, முனியசாமி அண்ணன், பக்கவாதம், இடுப்பில் படுக்கைப்புண். பஸ், நடை, புண் கழுவிக் கட்டுவது என்று வியாழன் பாதி நாள் அதற்கே. இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று இந்தப் படத்தைப் பார்த்தால் குருடனுக்கும் தெரியும். சென்னை ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். கொஞ்சம் பெருமை, ஒத்துக்கொள்கிறேன்.

வாங்க: கொசுவத்தி, ரீசார்ஜ், வெங்காயம் (தீவுக்குக் கப்பல் வந்திருந்தால்).

ஜூன் 10, செவ்வாய்

மழை. சாயங்காலம் சென்னை சாரோடு வீடியோ கால். நெட் விட்டுவிட்டு.

"வெரி கிளியர்மா உன் படம். அந்த ஒரு வீட்ட எடுத்துட்டா சராசரி எங்கயோ போயிடுது பாரு. இந்த வாரத்தோட முடிச்சுக்குங்க. அந்த நேரத்துல டவுன்ல நாலு வீடு பாக்கலாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"சார், புண்ணு ஆழமா இருக்கு சார்."

"ஷீட்ல அப்படி ஒண்ணும் காணோமேம்மா."

உண்மை. புண்ணுக்கு நான் இடமே வைக்கவில்லை. வீடு, தேதி, நேரம், அவ்வளவுதான். அடுத்த மாதம் என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். சரி சார் என்றேன். கோழை.

வெங்காயம் இல்லை.

ஜூன் 11, புதன்

செல்வி அக்காவிடம் சொன்னேன். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

"பாகல் ஆயிட்டியா நீ, பைத்தியமா? நான் போகலன்னா அவர யாரு புரட்டிப் போடுவா? அவரு சம்சாரம் ஒத்த ஆளு."

லீவு நாளில் போகலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஞாயித்துக்கிழம ஒண்ணுதான் எனக்கு. முதுகு போச்சு. முடியாது, தங்கச்சி." பிறகு, "நாளைக்கு என்கூட வா. நீயே சொல்லு அவங்ககிட்ட. நான் சொல்ல மாட்டேன்."

நியாயம். சோறு அடிப்பிடித்தது.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டிருந்தது. சிப்பிகாட். பஸ்ஸை விட்டு இறங்கிப் பாக்குத் தோட்டம் வழியே சேற்றில் இருபது நிமிடம். என் ஷீட்டில் இதன் பெயர் "பயண நேரம்".

புண் உள்ளங்கை அகலம். தலை சுற்றவில்லை. அழுகைதான் வந்தது, வெளியே போய் நின்றேன். அண்ணனுக்குப் பேச்சு இல்லை. செல்வி அக்கா கட்டு போட்டு முடித்ததும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் மனைவி பாக்கியம் அக்கா டீ கொடுத்தார். வருகையை நிறுத்தும் வீட்டில் கருத்துப் படிவம் வாங்குவது கட்டாயம். திருப்திக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். படிவத்தைத்தான் முதலில் எடுத்தேன். சொல்ல வந்ததைச் சொல்லத் தைரியம் இல்லை.

"நல்ல மார்க் போட்டா தொடர்ந்து வருவீங்கள்ல?"

செல்வி அக்கா ஜன்னலைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"போன மாசம் ரெண்டு வாட்டி நர்ஸம்மா வரல. அத எழுதாத. பாரிஷ் அப்படி ஊத்துச்சு, அந்த மழையில பாவம் அவங்க என்ன செய்வாங்க. எல்லாத்துக்கும் அஞ்சு போடு."

போட்டேன். எழுத்தெழுத்தாகக் கையெழுத்து வைத்தார். அப்புறம் சொன்னேன், இதுதான் கடைசி வருகை என்று. ஆபீஸ் முடிவு என்றேன். என் படம் என்று சொல்லவில்லை.

படிவத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கினார்.

"அஞ்சுக்கு மேல இருக்கா? இருந்தா அத போடு."

இல்லைக்கா என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் செல்வி அக்கா வேறு சீட்டில்.

ஜூன் 13, வெள்ளி

மறுபடி மழை. ஷீட்டில் சிப்பிகாட் வரிசையை எடுத்தேன். படிவத்தை ஏற்றினேன். சராசரி ஏறியது, திருப்தியும் ஏறியது. "சூப்பர்மா" என்று சென்னை.

புண்ணின் அகலம், ஆழம் என்று புதிதாக இரண்டு இடம் சேர்த்தேன். யாருக்காக என்று தெரியவில்லை.

பதினொரு மணிக்குப் பாக்கியம் அக்கா போன். ஃபார்ம் சென்னைக்குப் போயிடுச்சா என்று.

போயிடுச்சுக்கா.

"அஞ்சப் பாத்தா மனசு மாறுவாங்க. வியாழக்கிழம தண்ணி சுட வச்சு வைக்கிறேன்."

சரிக்கா என்றேன்.