ரயிலை நிறுத்திய கொடி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுவர் எனக்குத்தான்! ஸ்டேஷன் வெளிச்சுவர், நாற்பதடி நீளம் முழுக்க. காலையிலிருந்து அதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். டீக்கடைக்காரர், "பார்த்தே சுண்ணாம்பை உதிர்த்துடாதீங்க" என்கிறார்.

நம் ஊரில் முதன்முதலாக ரயில் நின்ற நாளைத்தான் வரையப்போகிறேன். நிறுத்தம் கேட்டு பிஸ்கட் ஃபேக்டரிப் பெண்கள் நாற்பது பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தது ஊருக்கே தெரியும். யாரோ முன்னால் ஓடிப்போய்ச் சிவப்புக் கொடி காட்டியதால்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அது யார்? நகராட்சித் தலைவர், "எங்கப்பாதான்" என்கிறார். எனக்கு அப்போது ஒரு வயது. நம் அப்பாதானே அன்றைக்கு கேட் கீப்பர்? உன்னோடுதானே இருக்கிறார், கேட்டு எழுது. சீக்கிரம்!

உன் வாலு

மார்ச் 9

என் வாலுப் பெண்ணுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். தலைவரின் அப்பா என்ற இடத்தில் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

எனக்குத் தெரியும், வாலு. அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. உன்னை என் இடுப்பில் வைத்துவிட்டு அம்மா கேட் அறைக்குள் போய்க் கொடியை எடுத்தாள். அப்பா பார்த்தார். பார்த்துவிட்டு, பானைப் பக்கம் திரும்பி நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். அம்மா தண்டவாளத்தோடு ஓடினாள். விசாரணையில் அப்பா, "கொடி காணாம போச்சுங்க" என்று ஒரே பேச்சாக நின்றார். விஷயம் வெளியே வந்தால் வேலையும் போகும், ரயில்வே வீடும் போகும். மூச்சு விடமாட்டேன் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். அவள் போன பிறகும் அதை மீற மனசு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

இன்று அப்பா சொன்னார்: "இனிமே யாரு என்னை வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க? வரையச் சொல்லு. ஆனா கொடி இடது கையில இருக்கணும். உங்கம்மாவுக்கு எல்லாமே இடது கைதான்."

உன் அக்கா

மார்ச் 28

அக்கா,

கோபம்தான்! பக்கம் பக்கமாகத் திட்டலாம் என்றிருந்தேன், நேரமில்லை.

நேற்று அம்மாவைக் கோட்டில் போட்டு முடித்தேன். முகம் இல்லை, வெறும் உருவம். யாரிடமும் சொல்லவில்லை. தலைவர் வந்து பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்கு எதுக்கும்மா புடவை?" என்றார். நான் வாயெடுப்பதற்குள், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பழைய ஃபேக்டரிப் பெண்களில் ஒருவர் கம்பை ஊன்றி முன்னால் வந்தார்.

"இது நம்ம கேட் கீப்பர் வீட்டுக்காரி இல்ல? வேற யாரு இடது கையில பிடிப்பா?"

தெரியுமாம், அக்கா! நாற்பது பேருக்கும் தெரியுமாம்! "சொல்லியிருந்தா உங்கப்பாவுக்கு வேலை போயிருக்குமே, பாப்பா" என்றார். முப்பத்தெட்டு வருஷம்! அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் அழுதேன். தலைவர் தலையைச் சொறிந்தார். "எங்கப்பா அன்னைக்கு ஊர்லயே இல்லைன்னு எங்கம்மா அப்பவே சொல்லுவாங்க" என்று முணுமுணுத்துவிட்டு, எல்லோருக்கும் டீ சொன்னார்.

இப்போது முகம்தான் பாக்கி. எனக்குத் தெரிந்த அம்மா மூட்டுவலிக்காரி, சுவரைப் பிடித்து நடந்தவள். ஓடிய அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தது நீயும் அப்பாவும்தான். ஞாயிறு காலை ரயிலில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. சாரத்துக்குக் கீழே இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். நீங்கள் சொல்லச் சொல்ல நான் வரைகிறேன்.

உன் வாலு