சிரிக்கத் தடை

என் செல்ல மருமகளே,

மாமா எழுதுகிறேன். உன் அம்மா பிழைத்துவிட்டாள்! மாற்றுச் சிறுநீரகம் வைத்த கையோடு ஊற்றுப்போலச் சிறுநீர் வந்ததைப் பார்த்து டாக்டர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒரு வில்லன் இருந்தானே, ஏழிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டான். இனி டயாலிசிஸ் மெஷினுக்குக் கும்பிடு.

கொடுத்தது யாரென்று கேட்காதே. யாரோ ஒரு மகராசன். சிங்கம் மாதிரி ஆளாம். அவன் சிறுநீரகம் ஒன்றே ஓர் ஊருக்குத் தண்ணீர் வடிகட்டும் என்று பெரிய டாக்டரே அசந்துபோனார்.

இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதியது தப்பு. பக்கத்துக் கட்டிலிலிருந்து உன் அம்மா, "அண்ணா, புளுகினது போதும்! சிரிச்சுச் சிரிச்சு உன் தையல் பிரிஞ்சிடப் போகுது" என்கிறாள்.

ஆகவே பதிலில் ஜோக் எழுதாதே.

இப்படிக்கு,
இன்னும் ஒன்று கைவசமுள்ள
உன் மாமா