மீன் முதலாளியின் மகளும் ஐம்பது கிலோவும்

சாய்ந்தமருது
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஹாதிக் அறிய உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் இந்த வீட்டில் மூன்று பேரும் நல்ல சுகம், அந்த வெயிலில் கிடந்து வேலை செய்கிற உனக்கும் தலைவலி காய்ச்சல் அணுகாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்திக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் தங்கச்சி அப்னாவின் பேரை எடுத்தால் போதும், உனக்கு உடனே சிக்னல் இல்லாமல் போய்விடும். கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது மனெ. உன் கூட்டாளி ஜெமீல் லீவு முடிந்து வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து, ஹாதிக் கடைசி வரி மட்டும் வாசிக்கிறானா என்று பக்கத்தில் இருந்து பார் என்றும் சொல்லிவிட்டிருக்கிறேன். எட்டு மாதமாக நீ அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதனால் இந்த எட்டு மாதமும் என்ன நடந்தது என்று உனக்கு ஒன்றும் தெரியாது, முடிவை முதலே சொல்லவும் மாட்டேன், ஆறுதலாக இருந்து வாசி.

தொடக்கம் உனக்குத் தெரிந்ததுதான். வரிப்பத்தான்சேனையில் பெரியம்மா வீட்டுக்கு வேளாண்மை வெட்டு நேரம் போய் நின்றவள், பால் கறக்க வேண்டும் என்று கன்றைத் தள்ளிக் கட்டிவைத்ததையும் அது விடிய விடியக் கத்தியதையும் பார்த்துவிட்டு வந்து, இனி இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், நெய் ஒன்றும் வேண்டாம் என்றாள். ஹலாலை ஹராம் என்று அவள் சொல்லவில்லை, எனக்கு மனம் வரல்ல உம்மா, அவ்வளவுதான் என்றாள். மௌலவியிடமும் கேட்டேன், சாப்பிடாமல் விடுவதில் குற்றமில்லை என்றார். ஆனால் உன் வாப்பாவுக்கு அது மானப் பிரச்சினையாகிப் போனது. முப்பது வருடமாகக் கடற்கரையில் மீன் வாடி வைத்திருக்கிற மனிசன், தன் மகளே மீனைத் தொடமாட்டாள் என்றால் ஊர் சிரிக்கும் அல்லவா. அதற்கேற்ற மாதிரி ஊரும் சிரித்தது. பாடசாலை மண்டபத்தில் இரத்ததான முகாம் வைத்தார்களே, அதற்கு அப்னா ஆசையோடு போனாள். வாசலிலேயே நிறுத்துப் பார்த்தார்கள், நாற்பத்து மூன்று கிலோ. ஐம்பது இல்லாமல் எடுக்க ஏலா தங்கச்சி, நல்லாத் திண்டுட்டு வாங்க என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னால் நின்ற சல்மா உம்மா, உனக்குத் தெரியும்தானே நம்முடைய பக்கத்து வீட்டு வாய், மீன் முதலாளிட மகள் மீன் முள்ளு மாதிரி ஈக்காளே என்று சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து வாப்பா போட்ட சத்தம் உனக்குப் போனிலேயே கேட்டிருக்கும். கடைசியில் அவர் ஒரு பேச்சுப் பேசினார். அடுத்த முகாம் வரைக்கும் உனக்குத் தவணை, அதுல அம்பது கிலோ காட்டாட்டி மீனும் தின்னோணும் இறைச்சியும் தின்னோணும், அதுக்குப் பொறகு இந்த வீட்டுல மறு கதையில்ல என்றார். இவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. சரி வாப்பா, ஆனா அம்பது காட்டினா நான் மௌத்தாகுமட்டும் எண்ட சோத்துக் கோப்பையப் பத்தி ஒருத்தரும் கதைக்கப்படா, நீங்களும்தான் காக்காவும்தான் என்று உன்னையும் சேர்த்துச் சொன்னாள். அந்த நேரம்தான் நீ போனில் நின்றுகொண்டு, மீன் தின்னாத ஒடம்புல ரத்தம் எங்கால ஊறும், நாலு நாள் பசி கெடந்தாத் தன்னால திருந்துவாள், அது வரைக்கும் அவளோட எனக்குக் கதையில்ல என்று சொல்லிவிட்டு வைத்தாய். நீ வைத்த பிறகு அவள் போனைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

நானும் அந்த நேரம் நல்லவளாக இருந்தேன் என்று நினைக்காதே. ஒன்றை உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். மாசிக் கருவாட்டை நான் மீன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நம்முடைய குசினியில் மாசித் தூள் உப்பு மாதிரி, சம்பலில் கொஞ்சம், பருப்பில் கொஞ்சம், கீரைச் சுண்டலில் கொஞ்சம், கை தானாகப் போகும். அவளுக்குத் தெரியாமல் இரண்டு கிழமை போட்டேன். பிள்ளையின் உடம்பில் எப்படியாவது பிடிக்கட்டும் என்று மனதுக்குள் ஒரு கள்ளமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஒரு நாள் தேங்காய்ச் சம்பலுக்குள் இடிபடாத மாசித் துண்டு ஒன்று அவள் பல்லில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினாள். ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்பது நாள் என் கையால் ஆக்கிய ஒன்றையும் தொடவில்லை, கடைப் பாணும் வாழைப்பழமும் பிளேன்டீயும்தான். பெற்ற பிள்ளை என் சோற்றைச் சந்தேகப்பட்டுச் சாப்பிடாமல் இருந்த அந்த ஒன்பது நாளை என் எதிரிக்கும் அல்லாஹ் கொடுக்கக்கூடாது. பத்தாம் நாள் அவள் கையைப் பிடித்து மாப்புக் கேட்டேன். புதுச் சட்டி மூன்று, புது அகப்பை, மாசி படாத மிக்சி ஜார் ஒன்று, எல்லாம் அவளுக்கென்று வாங்கித் தனி அலுமாரித் தட்டில் வைத்தேன், அல்லாஹ் அறிய இனி ஏமாத்தமாட்டன் புள்ள என்றேன். அன்றைக்குப் பகல் சோறு சாப்பிட்டாள். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

உன் வாப்பா அந்தக் கிழமையே வாடியில் பாரையும் சூரையும் நிறுக்கிற தராசைச் சவுக்காரம் போட்டுக் கழுவி ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். கடையில் விற்கிற பிளாஸ்டிக் தராசெல்லாம் பொய், இது முதலாளிமார் நம்புற தராசு, வெள்ளிக்கு வெள்ளி ஜும்ஆ முடிஞ்சு நானே நிறுப்பன் என்றார். முதல் வெள்ளி நாற்பத்தொன்று காட்டியது. ஒன்பது நாள் பட்டினியில் இரண்டு கிலோ போய்விட்டது. அடுத்த நாளே அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அங்கே டொக்டர் தர்சிகா என்று காரைதீவுப் பிள்ளை, நல்ல குணம். மற்றவர்கள் மாதிரி முதலில் மீனைத் தின் என்று சொல்லவில்லை, என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, அம்மா, சோத்த மட்டும் மலை மாதிரிக் குவிச்சா வயிறுதான் வரும், உடம்பு வராது என்றார். நான் செய்தது அதைத்தான், வாயை மூடிக்கொண்டேன். மூன்று வேளையை ஐந்து வேளையாக்கச் சொன்னார், ஒவ்வொரு வேளையும் பருப்போ பயறோ கடலையோ கௌப்பியோ ஒன்று இருக்கவேண்டும், தேங்காயும் கச்சான் கடலையும் எள்ளும் தாராளமாகச் சேர்க்கவேண்டும், சோற்றோடு தேத்தண்ணி குடிக்கக்கூடாது, தேசிக்காய் பிழியவேண்டும், பி-12 குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது, சும்மா இருந்து கொழுக்காமல் பாரம் தூக்கவேண்டும். இவளும் விடியக் காலையில் வளவுக்குள் நின்று இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தலை ஏற்றி இறக்குவாள், சல்மா உம்மா வேலிக்கு மேலால் பார்த்து, புள்ளைக்கு என்ன பிடிச்சிருக்கி, ஓதிப் பாக்கச் சொல்லவா என்று கேட்டா.

என் சமையலைச் சொன்னால் உனக்கு வாயூறும். காலையில் சிவப்பரிசி மாப் பிட்டுக்குப் பாதிக்குப் பாதி தேங்காய்ப்பூ, அவித்த கௌப்பி, கதலிப்பழம். பத்து மணிக்குக் கச்சானும் பேரீச்சம்பழமும். பகலுக்குச் சோறு, கட்டித் தேங்காய்ப்பாலில் பருப்பு, பலாக்கொட்டைக் கறி, முருங்கையிலைச் சுண்டல். அஸர் தொழுகைக்குப் பிறகு ஆனைக்கொய்யாவைச் சீனி குறைத்துத் தேங்காய்ப்பாலில் அடித்து ஒரு கிளாஸ், அதோடு எள்ளுருண்டை. சோயாமீற்றில் நான் ஆக்கிய பிரட்டலை உன் வாப்பா இறைச்சி என்று நினைத்து இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, எந்தக் கடை மாடு இது, நல்ல இளசு என்றாரே! அப்னா சிரித்த சிரிப்பில் அவருக்கும் கோபம் வரவில்லை. பந்தயப் பேச்சு வைத்த மனிசனே அதற்குப் பிறகு சவளக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் பயறும் எள்ளும் வாங்கி வந்து, விலை மலிவு, அதான் வாங்கினன் என்று ஒரு பொய்யும் சொல்லிக் குசினிப் படியில் வைத்துவிட்டுப் போவார். தோற்கிறதுக்கு இவ்வளவு பாடுபடுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

மெல்ல மெல்ல ஏறியது, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கரை. நோன்பு வந்தது, பள்ளிவாசல் கஞ்சியில் இறைச்சி என்பதால் வீட்டிலேயே பயறும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன், ஒரு நோன்பையும் அவள் விடவில்லை, அப்படியும் ஒரு கிலோ இறங்கியது. பெருநாளுக்குப் பிறகு திரும்பவும் பிடித்தோம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நாற்பத்தெட்டு. முகாமுக்கு முந்திய வெள்ளி, கடைசி நிறுவை, முள் நாற்பத்தொன்பதில் போய் நின்றது நின்றதுதான். அவள் இறங்கி மறுபடி ஏறினாள், முள் அசையவில்லை. நான்தான் கேடு கெட்ட புத்தியில், அபாயாப் பொக்கட்டுல ரெண்டு படிக்கல்லப் போட்டுட்டுப் போ புள்ள என்றேன். களவு நிறை எனக்கு வேணாம் உம்மா, தோத்தா மீன் தின்பன், சொன்ன சொல் சொல்தான் என்றாள். கண் நிறையத் தண்ணீர், ஒரு சொட்டும் கீழே விழவிடவில்லை. வெல்லப் போகிற உன் வாப்பா அன்று பகல் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை முகாம். நாங்கள் மூன்று பேரும் மையித்து எடுக்கிற வீட்டுக்குப் போகிற மாதிரிப் போனோம். வாசலில் அதே மேசை, முன்னால் சல்மா உம்மா. அப்னா பிஸ்மி சொல்லித் தராசில் ஏறினாள். ஐம்பது தசம் ஆறு என்று மேசையில் இருந்த தம்பி எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்கு விளங்கவில்லை. உன் வாப்பா விடவில்லை, தம்பி, ஒங்கட தராசு பிழை, எண்ட தராசு பொய் சொல்லாது, நாப்பத்தொன்பதுதான், வடிவாப் பாருங்க என்று தன் மகளுக்கு எதிராகவே வாதாடுகிறார்! சபையே பார்க்கிறது. அந்தத் தம்பி ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை ஏற்றிக் காட்டினார், சரியாக ஐந்து. வாப்பா நெற்றியில் அடித்துக்கொண்டு, யா அல்லாஹ், கூடை! என்று கத்தினார் பார். வாடியில் மீனைக் கூடையோடுதானே நிறுக்கிறது, கூடைக்கு ஒன்றரைக் கிலோ கழியட்டும் என்று தராசு முள்ளைப் பின்னுக்குத் திருகி வைத்திருக்கிறார், அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து மகளை நிறுத்திருக்கிறார். வெறுந்தராசில் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு நாளும் ஒருவரும் பார்க்கவில்லை. இல்லாத கூடையை இவ்வளவு நாளும் என் பிள்ளையின் உடம்பில் கழித்திருக்கிறோம்! மண்டபம் குலுங்கிச் சிரித்தது, இந்தத் தரம் அப்னாவும் சேர்ந்து சிரித்தாள், நான் சிரித்தேனா அழுதேனா எனக்கே தெரியாது.

அதோடு முடியவில்லை. விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தை நீலத் தண்ணீருக்குள் விட்டார்கள், தாழ்ந்தால் இரத்தத்தில் சத்து இருக்கிறது, மிதந்தால் இல்லை. கல்லுப் போட்ட மாதிரி நேரே அடியில் போய் இருந்தது மனெ! மீனும் இறைச்சியும் முட்டையும் படாத இரத்தம். ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டு, கட்டிலில் இருந்து எனக்குக் கை காட்டினாள். வாப்பாவுக்கும் வீரம் வந்து, நானும் கொடுப்பன் என்று போய் இருந்தார். பிறசர் பார்த்தார்கள், நூற்று எண்பது. ஒங்கட ரத்தம் இப்ப எடுக்க ஏலா, உப்பையும் கொழுப்பையும் குறைச்சிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்த மனிசனிடம் சல்மா உம்மா, என்ன முதலாளி, நல்லாத் திண்டுட்டு வரச் சொன்னாங்களா என்று கேட்டா. நான் அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை அல்லாஹ்தான் அறிவான்.

இப்போது வீட்டில் அவள் கோப்பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, பேச்சுப் பேச்சுத்தான். நீயும் அதற்குக் கட்டுப்பட்டவன். இதை வாசித்து முடித்ததும் எனக்கு எடுக்காதே, அவளுக்கு எடு. நீ மூத்தவன் என்ற பெருமையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு மாப்புக் கேள், அவள் உன் அழைப்பைத் தேடி எட்டு மாதமும் போனைப் பார்த்துப் பார்த்து வைத்தவள். வெயிலில் தண்ணீர் குடி, சம்பளம் வருகிற அன்றைக்கு நண்பர்களோடு கண்டதைச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுக்காதே, சுபஹுத் தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் நல்ல மனத்தையும் தருவானாக, உன்னை எங்கள் கண்முன் சுகமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன்.

இதை முழுக்க உன் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், பிறசர் கதையை வெட்டச் சொல்வார் என்று பார்த்தேன். வெட்டச் சொல்லவில்லை. எழுது, அவனுக்கு எழுது, வாப்பா தோத்துப் போனார், இவ்வளவு வயசுக்கு இப்பிடி ஒரு சந்தோசம் அவருக்கு ஜெயிச்சும் கிடைக்கல்லயாம் எண்டு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

துஆவோடு,
உன் உம்மா
சரீபா கலந்தர்