கிணற்றுக் கல் மண்டபம்

தை 21, ஞாயிறு

தினம் நாலு வரியாவது எழுத வேண்டும் என்று முதியோர் வகுப்பு சபிஹா டீச்சர் சொல்லியிருக்கிறார். தெரியாதவர்கள் படித்தாலும் புரிய வேண்டுமாம். என்னுடையதை யார் படிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் எழுதுகிறேன். இன்று பஸ்ஸில் ‘எரியோடு’ என்று நானே வாசித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. சீட்டில் உட்கார்ந்தும் சிரிப்பு நிற்கவில்லை. கண்டக்டர் ஒருமாதிரி பார்த்தார்.

ஊர் மண்டபத்துச் சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. எல்லாம் பழைய பொதுக்கிணற்றுக் கல். தண்ணீர் வற்றிப்போன உப்புக் கிணறு. கல்லைப் பிரித்து எடுத்துக்கொண்டு குழியை மூடிவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினோம். வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள். படம் போட்டுத் தந்தது ஃபர்ஹீன் என்கிற பிள்ளை, திண்டுக்கல் பேகம்பூர்க்காரி. கட்டடம் கட்டுவதற்கென்றே படித்தவள். மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் ஜன்னலே வைக்கவில்லை. நடுவில் நின்ற வேம்பை வெட்டவில்லை, அதைச் சுற்றித்தான் மண்டபம். காற்று நுழையச் சுவரில் அங்கங்கே சந்து விடச் சொல்கிறாள்.

பேத்தி பவித்ராவுக்கு ஒட்டன்சத்திரத்தில் பேசி முடித்திருக்கிறோம். இந்த மண்டபத்தில் முதல் கல்யாணம் அவளுடையதுதான். அதைப் பார்த்துவிட்டால் போதும் எனக்கு.

தை 29

எங்கள் வகுப்பு நடந்த ஷெட்டைப் பிரித்தாயிற்று. அந்த ஓடுகள்தான் மண்டபத்துக்கு. இனி வகுப்பும் அங்கேதான்.

சடையாண்டி வந்து நின்று கேலி. என் வயதுக்காரன். வகுப்புக்கு இரண்டு நாள் வந்துவிட்டு ஓடிப்போனவன். “ஏலே நாச்சிமுத்து, எமன் வந்தா கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவியாக்கும்?” ஆமாம், நீ கைநாட்டு வைத்துவிட்டு முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்றேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாசி 10

கிணற்றின் அடியில் கிடந்த சேற்றை அள்ளியதில் சின்னச் சின்னக் கற்கள் வந்தன. எல்லாம் செத்தவர்களின் கல். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அவருக்கு ஒரு கல் ஊன்றி, கருமாதி அன்று எடுத்துக் கிணற்றில் போடுவோம். கிணறு வற்றிய பிறகு குடகனாற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். என் பெண்சாதி அய்யம்மாளின் கல் இந்தக் கிணற்றில்தான். மகன் போட்டான். நான் பக்கத்தில் நின்றேன். ‘ளுக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்தக் கற்களை ஃபர்ஹீன் கழுவி வாசலில் வரிசையாகப் பதிக்கச் சொன்னாள். இன்று வேலைக்கு வந்ததெல்லாம் கிணற்றுக் கதை தெரியாத சின்னப் பயல்கள். சொன்னபடி பதித்தார்கள், நான் கிட்ட நின்று தண்ணீர் ஊற்றினேன். எனக்கோ கண் நிறைந்துவிட்டது. செத்தவர்களையே வாசலில் நிறுத்தி, விசேஷத்துக்கு வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட வைக்கிறாளே, இந்த வயதில் இப்படி ஒரு யோசனையா! பவித்ரா மாலையும் கழுத்துமாக நுழையும்போது அவளுடைய அப்பத்தா வாசலிலேயே இருப்பாள்.

பங்குனி 4

எல்லாம் போச்சு.

சம்பந்தி மண்டபம் பார்க்க வந்தார். மரத்தைப் பார்த்தார், காற்றுக்கு நின்றார். “வாசல் ரொம்ப நல்லாருக்குதுங்க, கல்லு எங்கிருந்துங்க?” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எங்க பொதுக்கிணத்துக் கல்லு. எங்க பெரிய மனுசங்க அம்புட்டுப் பேரும் இதுல இருக்காக. பவித்ராவோட அப்பத்தாளும் இருக்கா.”

அவர் காலைப் பின்னுக்கு எடுத்தார்.

“ஏனுங்க, கருமாதிக் கல்லுங்களா இது?”

ஆமாம் என்றேன். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பங்குனி 5

கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் ஒட்டன்சத்திரத்தில், அவர்கள் பார்த்த மண்டபத்தில். மகன் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு மருமகள் சொன்னாள்: “எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீக மாமா, வாய மூடத்தான் கத்துக்கல.” வெஞ்சனம் தொட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அப்படியே எழுந்துவிட்டேன்.

பங்குனி 11

ஊர்க்கூட்டம். ஃபர்ஹீனையும் வரச்சொல்லியிருந்தார்கள். மண்டபத்தைக் காதுகுத்துக்குக் கேட்டிருந்தவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சடையாண்டிதான் பெரிய சத்தம். “அது வெளியூருப் புள்ள, அதுக்குத் தெரியாது. கிட்ட நின்னு தண்ணி ஊத்துன கெழவனுக்குமா தெரியாது?” எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆற்றுக்கல் என்று நினைத்தேன், ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்றாள் அந்தப் பிள்ளை. வாசலைப் பெயர்த்து வேறு கல் பதித்துத் தருவதாகவும் சொன்னாள். வாசலைப் பெயர்ப்பாய், அதே கிணற்றில் கிடந்த சுவர்க்கல்லை என்ன செய்வாய் என்று கேட்டார்கள். எடுத்தால் எங்கே போடுவது என்றும் கேட்டார்கள். கடைசியில் பூட்டு வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள்.

கார் ஏறுமுன் என்னிடம் வந்தாள். “உங்களுக்குத் தெரியும்ல தாத்தா. ஏன் சொல்லல?”

“நீ தெரிஞ்சுதான் வைக்கிற போலன்னு நெனச்சேன் தாயி.”

கார் ஏறிப் போய்விட்டாள்.

சித்திரை 2

வகுப்பும் இல்லை. ஷெட் போய்விட்டது, மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. வேறு இடம் கிடைத்தால் வருகிறேன் என்று டீச்சர் போய்விட்டார். யார் இடம் பார்க்கப் போகிறார்கள்?

சித்திரை 19

எழுத ஒன்றும் இல்லை.

வைகாசி 13

கல்யாணம் முடிந்தது. பெரிய மண்டபம். ஏசியில் எனக்குக் கால் விறைத்துப் போனது. எல்லாம் பிளாஸ்டிக் பூ. பவித்ரா காலில் விழுந்தபோது அவள் தலையில் கை வைத்தேன். ஏதோ சொல்ல நினைத்தேன். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று விட்டுவிட்டேன். அழகாக இருந்தாள். அழகாகத்தான் இருந்தாள்.

ஆனி 8

மண்டபத்துப் பக்கம் போனேன். சந்து வழியே பார்த்தால் வேப்பம்பழம் தரையெல்லாம் கொட்டி நசுங்கிக் கிடக்கிறது. பெருக்க ஆள் இல்லை. வாசலில் ஆடுகள் படுத்திருந்தன. அவற்றை விரட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். அய்யம்மாள் எது? எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வெளியே அனல். சுவர்ச் சந்தில் முகத்தை வைத்தால் உள்ளேயிருந்து குளுகுளுவென்று காற்று. இப்படிக் கட்டிவிட்டு யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறோம்?

ஐப்பசி 7

சடையாண்டி போய்விட்டான். தூக்கத்திலேயே. இனி என்னைக் கேலி செய்யவும் ஆள் இல்லை.

ஐப்பசி 23

மூன்று நாளாக மழை. இன்று சடையாண்டிக்குக் கருமாதி. அவன் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். பந்தல் விடியற்காலையிலேயே விழுந்துவிட்டது. சமைத்த சோற்றை வைக்க இடமில்லை. அவன் மகன்தான் போய்ப் பூட்டைத் திறந்தான். யாரும் தடுக்கவில்லை. கருமாதிதானே.

ஊரே உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டது. நடு முற்றத்தில் வேம்பின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட எங்கள்மேல் தெறிக்கவில்லை. சாப்பிட்டு முடித்தும் எழுந்து போக ஒருவருக்கும் மனசில்லை. சடையாண்டி அடித்த கூத்தையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

குடகனாற்றில் வெள்ளம். கிட்டப் போக முடியாது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மகன் வாசலில் நின்றான். என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனாகவே குனிந்து, ஓரத்து ஈர மண்ணைத் தோண்டி, அந்த வரிசையின் கடைசியில் பதித்தான்.

கார்த்திகை 16

அதற்குப் பிறகு இன்னொரு கருமாதியும் அங்கேதான் நடந்தது. இனி அது அதற்குத்தான் என்று ஊரில் பேச்சு. கல்யாணத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

பவித்ரா போன் செய்தாள். மண்டபத்தை இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

“அப்ப நான் அதுக்குள்ள வரவே முடியாதா தாத்தா?”

“ஏன் முடியாது? எனக்காக ஒருநா வருவே தாயி. நல்லா காத்து வரும், பாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். போனை வைத்த பிறகு அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். உடனே திரும்ப அடித்தாள். நான் எடுக்கவில்லை.