பின்பக்கம் வைத்த பொட்டு

27 செப்டம்பர், சனி

லேபில் கூட்டம். சர்க்கரை பார்க்க வந்தவர்களே நாற்பது பேர். இரண்டு தரம் தரை துடைத்தேன். என் வீட்டுக்காரர் போய் நாளையோடு எழுபது நாள்.

30 செப்டம்பர், செவ்வாய்

எங்கள் சூப்பர்வைசர் லட்சுமம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்கு ஆயுத பூஜைக்கு நீ பேடம்மா, வேணாம். தள்ளி நில்லு. ஒரு வருஷம் ஆகட்டும். தப்பா எடுத்துக்காதே." தலையாட்டினேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? சாவு வீடுதானே.

1 அக்டோபர், புதன்

பூஜை முடிகிறவரை கக்கூஸ் பக்கம் பக்கெட்டோடு நின்றேன். பொரி கொடுத்து, பூசணிக்காய் உடைத்து, இரண்டு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். கம்ப்யூட்டர் பார்க்கிற சிந்துவும் போனாள். கழுவிவிட்டுப் பூட்ட வேண்டியது நான்.

வருஷா வருஷம் அவர் ஆட்டோவை நான்தான் கழுவுவேன். கண்ணாடிக்கு, மீட்டருக்கு, மூன்று சக்கரத்துக்கும் பொட்டு. இந்த வருஷம் ஆட்டோவும் இல்லை. பொட்டு வைக்க ஒரு சாமான் இல்லாத வீடாகிவிட்டது.

மூலை ரூம் கம்ப்யூட்டரை யாரும் கவனிக்கவில்லை. ரத்தம் பார்க்கும் மிஷின்கள் சொல்வதெல்லாம் அதற்குள் போய், அங்கிருந்துதான் டாக்டர்களின் போனுக்குப் போகும் என்று சிந்து சொல்லியிருக்கிறாள். இவ்வளவு வேலை செய்வதைத் தூசியோடு விட மனசு வரவில்லை. ஷாக் அடிக்குமோ என்று பட்டனை அழுத்தி அணைத்தேன். துடைத்தேன். பின்பக்கம், வயர் சொருகுகிற இடத்துக்கு மேலே, யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டு. திரும்பப் போட்டேன். விளக்கு எரிந்தது. பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

3 அக்டோபர், வெள்ளி

ஒரு ரிப்போர்ட்டும் போகவில்லை. மிஷின் ஓடுகிறது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது, ஒன்று சொல்வது இன்னொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒருவரின் மகன் வந்து கத்தினான். சிந்து கையால் எழுதிக் கொடுத்தாள்.

அணைத்துப் போட்டாள் — வந்துவிட்டது. சாயங்காலம் சரியாகிவிட்டதா பார்க்கலாம் என்று இன்னொரு தரம் அணைத்துப் போட்டாள் — போச்சு. "என்னக்கா இது, பேய் புடிச்சிருக்கா?" என்று சிரித்தாள்.

தள்ளி நில்லுன்னு சொன்னாங்களே. கேட்டேனா?

4 அக்டோபர், சனி

இன்றும் வரவில்லை. சிந்து பின்பக்கம் இருக்கிற இரண்டு வயரையும் மாற்றிச் சொருகினாள். வந்தது. மத்தியானம் அணைத்துப் போட்டால் போச்சு. மறுபடி மாற்றும்போது மேனேஜர் சேஷகிரி சார் பார்த்துவிட்டார்.

"நோண்டி நோண்டியே கெடுத்திருக்கே. லீவுக்கு முன்னாடி நல்லா இருந்த பொட்டி."

"சத்தியமா பூஜை அன்னைக்கு நான் தொடல சார்."

"அப்ப யாரு, பொட்டி தானா எழுந்து வயர மாத்திக்கிச்சா? திங்கட்கிழமை இன்ஜினியர் வரார். நீ இனிமே வர வேணாம்."

அந்தப் பெண் சேர்ந்து நாலு மாசம்தான் ஆகிறது. நான் பக்கத்தில் ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

5 அக்டோபர், ஞாயிறு

சொல்லவில்லை. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு எனக்கு? வேலை போனால் ஸ்ரீராம்புரத்தில் வாடகை யார் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அதற்கும் மேலே, 'இவள் தொட்டதால்தான்' என்று எல்லோரும் பார்க்கும் பார்வை. அதுதான் பயம்.

6 அக்டோபர், திங்கள்

இன்ஜினியர் பெயர் ஓஸ்வால்ட். ஒரு வயரையும் தொடாமல் ஐந்து தரம் அணைத்து அணைத்துப் போட்டார். மூன்று தரம் வந்தது, இரண்டு தரம் வரவில்லை.

"பாத்தீங்களா சார்? யாரும் நோண்டாமலே மாறுது." அது லினக்ஸ் பெட்டியாம். உள்ளே இரண்டு நெட்வொர்க் கார்டு, ஒன்று மிஷின்களுக்கு, ஒன்று வெளியே போக. "ஆன் பண்றப்ப எது முதல்ல முழிச்சுக்குதோ அதுக்கு 'ஈத் ஜீரோ'ன்னு பேரு. அடுத்தது 'ஈத் ஒன்'. செட்டிங் எல்லாம் பேரப் பாத்துதான் போகுது. பேரு மாறிட்டா மிஷினுக்குப் போக வேண்டியது வெளி வயர்ல போய் நிக்கும்." நானூறு நாளாக யாரும் அணைக்கவே இல்லை, அதனால் வெளியே தெரியவில்லையாம். "ஒண்ணாந்தேதி மூணே முக்காலுக்கு யாரோ பட்டன அமுக்கியிருக்காங்க. உள்ள பதிவாகியிருக்கு."

"சிந்துதான்," என்றார் சார்.

ஓஸ்வால்ட் பெட்டியைத் திருப்பினார். "இதென்ன, குங்குமமா?"

"நான்தான் சார். அந்தப் பொண்ணு ரெண்டு மணிக்கே போயிடுச்சு. அணைச்சதும் நான்தான், பொட்டு வச்சதும் நான்தான்."

"அய்யோ தமயந்தி," என்றார் லட்சுமம்மா. அவ்வளவுதான். தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது.

ஓஸ்வால்ட் மட்டும் சிரித்தார். "நான் சர்ச்சுக்குப் போறவன்மா. ஆனாலும் உங்க பொட்டு மேல பழி போட மாட்டேன். கரென்ட் போயிருந்தாலும் இதேதான்." ஒவ்வொரு கார்டுக்கும் மாறாத ஒரு நம்பர் உண்டாம். அந்த நம்பரை எழுதி, இந்த நம்பர் என்றால் இந்தப் பெயர்தான் என்று கட்டிவிட்டார். நான் டார்ச் பிடித்தேன். பத்து தரம் அணைத்துப் போட்டார். பத்து தரமும் வந்தது.

கார்டு மேல் தப்பு என்றுவிட்டார்கள். சரி. மூணு நாளா நான் வாயத் தொறக்காம இருந்தேனே, அது எந்தக் கார்டு?

7 அக்டோபர், செவ்வாய்

சார் போன் போட்டு சிந்துவை வரவழைத்தார். மன்னிப்பு கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"சனிக்கிழம நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமாம்மா."

"எங்கம்மா ரெண்டு நாளா சாப்பிடல." போய்விட்டாள்.

13 அக்டோபர், திங்கள்

சிந்து என்னோடு பேசுவதில்லை. நான் பெருக்க வந்தால் காலைத் தூக்கிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

24 அக்டோபர், வெள்ளி

யு.பி.எஸ். பேட்டரி மாற்ற வந்தார்கள். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டியதாயிற்று. நான் துடைப்பத்தோடு வெளியே நழுவப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? நீங்களே போடுங்க," என்றாள் சிந்து.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டேன். சத்தம் வந்தது, திரை கறுப்பாகவே இருந்தது, பிறகு வரிசை வரிசையாகப் பெயர்கள் வந்தன. காலையில் ரத்தம் கொடுத்தவர்கள். ரிப்போர்ட் போகப் போக ஒவ்வொன்றாகப் பச்சை ஆயிற்று.

நானும் பார்க்கிற மாதிரி சிந்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.